விளக்கீடு முதல் தைப்பொங்கல் வரை: வன்னியில் சேர்ந்து வாழும் இடங்களில் தீப் பாதுகாப்பு, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுத்திட்டங்களில் இருப்பவர்கள், மாணவர் விடுதிப் பிள்ளைகள், ஆடைத்தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகள் நாலைந்து பேராகச் சேர்ந்து எடுத்திருக்கும் வாடகை வீட்டுக்காரர், ஆசிரியர் விடுதிகளில் தங்கியிருப்பவர்கள் என்று பலரும் கார்த்திகை பிறந்தவுடன் கேட்கத் தொடங்கும் கேள்விகள் இவை. கேட்கப்பட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

எங்களுக்குத் தனித்தனி வளவு. கொழும்பில் இருக்கிற மாதிரித் தொடர்மாடி இல்லை. பிறகு ஏன் "சேர்ந்து வாழும் இடம்" என்கிறீர்கள்?

வளவு தனிதான், வேலி பொது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எழுந்த வீட்டுத்திட்டங்களை ஒருமுறை நடந்து பாருங்கள். முன்னால் கல்வீடு இருக்கும், அது எளிதில் எரியாது. ஆனால் பின்னால், கல்வீடு கட்டி முடியும் வரை இருந்த தறப்பாள் கொட்டிலோ தகரக் கொட்டிலோ இன்றைக்கும் குசினியாக நிற்கும், அதற்குப் பக்கத்தில் விறகு, அதை ஒட்டிக் கிடுகு வேலி, அந்த வேலிக்கு மறுபக்கம் அடுத்த வீட்டின் குசினி. அதாவது இரண்டு வீட்டின் எரியக்கூடிய பகுதிகள்தான் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கின்றன. காய்ந்த கிடுகில் பிடித்த நெருப்பு வேலியோடு போய் ஒழுங்கையின் கடைசி வீட்டை எட்டப் பெரிய நேரம் எடுக்காது.

அகதி முகாம்கள் அமைக்கும்போது பார்க்கிற ஒரு விதி உண்டு. இரண்டு கூடாரத்துக்கு இடையே குறைந்தது 2 மீற்றர் இடைவெளி, முடிந்தால் கூரையின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. ஒன்று எரிந்து சரிந்தால் மற்றதில் விழக்கூடாது என்பதுதான் கணக்கு. உங்கள் பின்வளவில் அந்த இடைவெளி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லை என்றால் வேலியில் குசினிக்கு நேரே வரும் துண்டை மட்டுமாவது கிடுகை எடுத்துவிட்டுத் தகரமாக மாற்றலாம். முழு வேலியையும் மாற்ற வசதி இல்லாதவர்களுக்கும் இது முடிகிற காரியம்.

மார்கழியில் மழை. எல்லாம் ஈரமாகக் கிடக்கிறது. இந்தக் காலத்தில் நெருப்பைப் பற்றி ஏன் பேசவேண்டும்?

மழை பெய்வதால்தான். வெயில் காலத்தில் முற்றத்தில் நடக்கிற எல்லாமே மழையோடு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. விறகை அடுப்புக்கு மேல் பரணில் அடுக்கிக் காயவைக்கிறோம், உடுப்பை அடுப்படியில் கொடி கட்டிப் போடுகிறோம், உழவு இயந்திரத்துக்கு வாங்கிய டீசல் கானும் திண்ணையிலிருந்து உள்ளே வந்துவிடுகிறது. காற்றுக்கு மரம் விழுந்து கறண்ட் போகிறது, மெழுகுதிரியும் குப்பி விளக்கும் வெளியே வருகின்றன. நுளம்பு கூடுகிறது, கட்டிலுக்குக் கீழே நுளம்புச் சுருள், கட்டிலுக்கு மேலே நுளம்பு வலை. கூரை வெளியே நனைந்திருந்தாலும் உட்பக்கம் அடுப்புப் புகையில் காய்ந்துதான் இருக்கிறது.

பண்டிகையோடு சேர்ந்து வருவது இன்னொன்று. நாலு பேர் இருக்கிற வீட்டில் பத்துப் பேர். வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தங்கள், இரவில் எழுந்தால் எந்தப் பக்கம் கதவு என்று தெரியாத பிள்ளைகள், ஓடையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள். பக்கத்து வீடோ பூட்டிக் கிடக்கும், திறப்பு யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒழுங்கையில் ஒரு வீடு நிரம்பி வழிய, அடுத்தது வெறுமையாகக் கிடப்பது பண்டிகைக் காலத்தில்தான். நெருப்பு வந்தால் இரண்டுமே ஆபத்து.

2018 டிசம்பரில் நத்தாருக்கு நாலைந்து நாள் முன்பு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியது நினைவிருக்கும். அப்படி வெள்ளம் ஏறி வடிந்த வீட்டில் பிளக் பெட்டிகளுக்குள் சேறும் ஈரமும் இருக்கும். மின்வேலை தெரிந்தவர் பார்க்காமல் மெயின் சுவிச்சைப் போடவேண்டாம்.

தீயணைப்பு வண்டி இருக்கிறதுதானே?

இருக்கிறது. ஆனால் எவ்வளவு தூரத்தில் என்பதுதான் கேள்வி. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை இரவில் எரிந்தபோது கிளிநொச்சியில் தீயணைப்பு வண்டியே இருக்கவில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வழியே வரவேண்டியிருந்தது. வருவதற்குள் வரிசை வரிசையாகக் கடைகள் போய்விட்டன. அதற்குப் பிறகுதான் கரைச்சிப் பிரதேச சபையின் கீழ் தீயணைப்புப் பிரிவு வந்தது. வவுனியா நகரத்திலும் இருக்கிறது. நகரத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் துணுக்காயிலோ மாங்குளத்துக்கு உள்ளேயோ விசுவமடுப் பக்கமோ இருப்பவர்களுக்கு வண்டி எவ்வளவு விரைவாக வெளிக்கிட்டாலும் முதல் பத்து நிமிடத்துக்குள் வந்து சேராது. ஓலைக் கூரையும் கிடுகு வேலியும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் எரிந்து முடிந்துவிடும். ஆகவே முதல் பத்து நிமிடத்துக்குப் பொறுப்பு ஒழுங்கையில் இருக்கிறவர்கள்தான். கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியவை.

அதற்காக அழைக்காமல் இருக்காதீர்கள். முதலில் அழைப்பு, பிறகு வாளி. தீயணைப்புக்கு 110, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990. மின்கம்பி அறுந்து விழுந்தால் மின்சார சபைக்கு 1987. இவற்றோடு உங்கள் நகரசபை அல்லது பிரதேச சபை தீயணைப்புப் பிரிவின் நேரடி எண்ணை இப்போதே அலுவலகத்தில் கேட்டு வாங்கிக் குசினிச் சுவரில் கரியாலாவது எழுதிவையுங்கள். தொலைபேசிக்குள் இருக்கிற எண் தொலைபேசி எரிந்தால் உதவாது.

அழைத்துவிட்டு ஒருவர் ரோர்ச் லைற்றோடு பிரதான வீதிக்கு ஓடவேண்டும். எங்கள் வீட்டுத்திட்டங்களில் ஒழுங்கைகளுக்கு எண் இருந்தாலும் பலகை இல்லை, இரவில் வருகிற சாரதிக்கு எல்லா ஒழுங்கையும் ஒன்றுதான். இன்னொரு விடயம், பலரும் யோசிக்காதது: நத்தாருக்கும் கோயில் பொங்கலுக்கும் ஒழுங்கை வாசலில் கட்டுகிற அலங்கார வளைவு. அதற்குக் கீழே ஒரு தண்ணீர் பவுசர் போகுமா என்று பார்த்துக் கட்டுங்கள். போகாது என்றால் ஒரு கத்தி வெட்டில் அவிழ்க்கக்கூடியதாகக் கயிற்றில் கட்டுங்கள், கம்பியில் முறுக்க வேண்டாம்.

கிணறு இருக்கிறது, மோட்டர் இருக்கிறது. தண்ணீருக்கு என்ன குறை?

நெருப்பு என்றவுடன் நீங்கள் செய்யவேண்டிய முதல் வேலைகளில் ஒன்று மெயின் சுவிச்சை அணைப்பது. அணைத்தால் மோட்டர் நின்றுவிடும். குழாய்க்கிணறு வைத்திருக்கிற வீடுகளில் இதோடு தண்ணீர் முடிந்தது, வாளி விட்டு அள்ளவும் முடியாது. பகலில் பத்துத் தடவை மோட்டர் போட்டு எடுக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் கண்ணில் படுவதே இல்லை.

எனவே தாங்கி உள்ள வீடுகளில் இரவு படுக்க முன் தாங்கி நிரம்பியிருக்க வேண்டும். தாங்கி இல்லாத வீட்டில் வாயகன்ற பீப்பாய் ஒன்றில் தண்ணீர், மேலே நுளம்பு வராமல் மூடி, பக்கத்தில் இரண்டு வாளி. திறந்த கிணறு உள்ள வளவு எது, எந்தக் கிணற்றில் கயிறும் வாளியும் எப்போதும் இருக்கும் என்பது ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அந்த வீட்டின் படலை இரவில் பூட்டப்படக் கூடாது. பக்கத்து வீட்டிலிருந்து மோட்டருக்குக் கறண்ட் எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த நீள வயர் எங்கே இருக்கிறது, எட்டுமா என்று முன்கூட்டியே இழுத்துப் பார்த்தவர்களுக்கு மட்டும்தான் அது உதவும்.

மணலை மறக்காதீர்கள். ஒரு உரப்பையில் காய்ந்த மணல் கட்டி குசினி வாசலில் வைத்தால் சிந்திய மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் அதுதான் மருந்து.

காஸ் மணக்கிறது. முதலில் என்ன செய்வது?

எந்தச் சுவிச்சையும் தொடவேண்டாம். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், இரண்டிலும் பொறி வரும். ரெகுலேற்றரை மூடுங்கள், அடுப்பில் வேறு நெருப்பு இருந்தால் அணையுங்கள், கதவுகளைத் திறந்துவிட்டு ஆட்களை வெளியே எடுங்கள். கதவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தச் சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். யன்னலை மட்டும் திறந்தால் அது போகாது. உயரமான வாசற்படி வைத்த குசினியில் படிக்கு உள்ளே தேங்கி நிற்கும். தும்புத்தடியால் தரையோடு வெளியே தள்ளுவதுபோல் கூட்டிவிடலாம், ஃபான் போடக்கூடாது.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடு முழுவதும் காஸ் அடுப்புகள் வெடித்த செய்தி வந்தபோது பலர் பயத்தில் திரும்ப விறகுக்குப் போனார்கள். பயம் நியாயமானது. அதன் பின் சிலர் இரண்டையும் ஒரே குசினியில் வைத்துக்கொண்டார்கள், ஒரு மூலையில் விறகடுப்பு எரிய மறு மூலையில் 12.5 கிலோ சிலிண்டர். இது தனி விறகைவிடவும் தனிக் காஸைவிடவும் மோசம். கசிந்த காஸ் தரையோடு ஊர்ந்துபோய்த் தணலைத் தேடிப் பிடிக்கும். இரண்டும் வேண்டும் என்றால் இடையில் ஒரு சுவர் இருக்கட்டும்.

புதுச் சிலிண்டர் மாட்டினால் இணைப்பில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள், குமிழ் வந்தால் கசிகிறது. நெருப்புக்குச்சி தட்டிப் பார்க்கிற பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, தயவுசெய்து விடுங்கள். குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள், எலி கடித்த அடையாளத்தையும் பாருங்கள்.

சிலிண்டர் வாயில் நெருப்புப் பிடித்துவிட்டது. ஓடவா, அணைக்கவா?

வால்வு கையெட்டும் நிலையில், நெருப்புச் சிறிதாக இருந்தால் நனைத்த சாக்கையோ தடித்த துவாயையோ மேலே போட்டு வால்வை மூடுங்கள். மூடமுடியவில்லை என்றால் நெருப்பை மட்டும் அணைக்க முயலாதீர்கள், ஏனென்றால் எரியாமல் வெளியேறுகிற காஸ் அறையை நிரப்பி ஒரேயடியாக வெடிக்கும். அந்த நிலையில் எல்லோரும் வெளியேறி, அடுத்த வீட்டாரையும் எழுப்பி விலக்குவதுதான் வேலை.

பலகாரம் சுடும்போது எண்ணெய் பற்றினால்?

தண்ணீர் ஊற்றக்கூடாது. கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் அது ஒரு நொடியில் நீராவியாகி எரிகிற எண்ணெயைக் கூரை வரை தூக்கி எறியும், ஓலைக் குசினியில் இதற்குப் பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதும் அதே அளவு ஆபத்து. அடுப்பை அணை, சட்டியை மூடு, ஆறும்வரை திறக்காதே. மூடி சட்டியைவிடப் பெரிதாக, தட்டையாக, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். அரியதரமும் முறுக்கும் சுடுகிற நாளில் மூடியைத்தான் முதலில் எடுத்து வைக்கவேண்டும், மாவைப் பிறகு குழைக்கலாம். விறகடுப்பை உடனே அணைக்க முடியாது என்பதால் அங்கே கொள்ளிகளை வெளியே இழுத்து மணலில் குத்துங்கள்.

பலகாரம் சுடுகிறவர் நைலோன் சாரியோடோ தொங்கும் சால்வையோடோ அடுப்படியில் இருக்கவேண்டாம். பருத்தி உடுப்பு, முடி கட்டியிருக்கவேண்டும், சின்னப் பிள்ளைகள் மூன்றடிக்கு அப்பால்.

விளக்கீட்டுக்கு வேலி முழுக்கச் சுட்டி வைப்பது எங்கள் வழக்கம். அதையும் வேண்டாம் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. விளக்கு வைக்கத்தான் வேண்டும். இத்தனை வருடம் இருட்டில் கிடந்த ஊர்களில் ஒழுங்கை முழுதும் சுட்டிகள் எரிவதைப் பார்க்கும்போது வருகிற சந்தோசத்தை யாரும் யாருக்கும் மறுக்கக்கூடாது. எங்கே வைப்பது என்பதை மட்டும் கவனியுங்கள். கிடுகு வேலியின் மேல் வேண்டாம், மதில் இருந்தால் மதிலில், இல்லை என்றால் வேலியிலிருந்து ஓரடி தள்ளி வாழைத்தண்டு நட்டு அதன்மேல். வாழைத்தண்டு ஈரமானது, பற்றாது.

பந்தங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. தடியில் துணி சுற்றி எண்ணெய் தோய்த்துக் கொளுத்துகிறோம், அந்த மாதத்தில் வாடைக்காற்று, எரிகிற துணித்துண்டு பிய்ந்து பறந்து அடுத்த வளவின் வைக்கலிலோ மாட்டுக்கொட்டிலிலோ விழும். துணியைக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள், எண்ணெய் வடியாத அளவுக்குப் பிழியுங்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் கொட்டில் இல்லாத இடத்தில் நடுங்கள். மண்ணெண்ணெய்க்குப் பதில் பெற்றோல் வேண்டவே வேண்டாம். கோயில் சொக்கப்பானைக்கும் இதே காற்றுக் கணக்குத்தான், அதோடு கொளுத்துவதற்கு முன்னரே பவுசரையோ நிரப்பிய பீப்பாய்களையோ அருகில் நிறுத்தச் சொல்லி பரிபாலன சபையிடம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள்.

பாலன் குடிலும் நத்தார் மரமும்?

குடிலுக்கு வைக்கோல், பாசி, கடதாசி மலை, அதற்குள் பல்ப். எரிவதற்கு வேண்டியது எல்லாம் ஒரே இடத்தில். உள்ளே மெழுகுதிரி வைக்கவேண்டாம், சூடாகிற பழைய குமிழ் பல்ப்பும் வேண்டாம், எல்ஈடி போதும். சவுக்குக் கொப்பு வெட்டி மரம் வைத்தால் அதை ஈர மணல் வாளியில் நட்டு ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று அரசர் திருநாள் வரும்போது அது விறகாகக் காய்ந்திருக்கும், அதற்குப் பிறகு வீட்டுக்குள் வைத்திருக்கக் காரணம் இல்லை. படுக்கப் போகும்போதும் பூசைக்குப் போகும்போதும் அலங்கார லைற்றைப் பிளக்கோடு கழற்றுங்கள். நடுச்சாமப் பூசைக்கு ஒழுங்கையே வெறிச்சோடிப் போகிற இடங்களில் இது முக்கியம், ஒரு வீட்டுப் பெரியவராவது பின்னால் நிற்பது நல்லது.

விடுதியில் பிளக் ஒன்று, ஆட்கள் ஆறு. என்னதான் செய்வது?

கணக்கைப் பார்ப்போம். 13 ஆம்பியர் பிளக் ஒன்று 230 வோல்ற்றில் ஏறக்குறைய 3000 வாற்று தாங்கும். மின்கேத்தல் 1500 முதல் 2000 வரை இழுக்கும், அயர்ன்பொக்ஸ் 1000, சோறு அவிக்கிற குக்கர் 700. மூன்றையும் ஒரே நீட்டிப்பு வயரில் காலை ஆறரைக்குப் போட்டால் எல்லை தாண்டிவிட்டது. சந்தையில் மலிவாக விற்கிற நீட்டிப்பு வயர்களின் உள்ளிருக்கும் கம்பி 3000 வாற்றுக்கே போதாது. வயரைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டால் சூடு வெளியேறவும் வழியில்லை. ஆகவே சூடாக்குகிற சாமான் ஒரு நேரத்தில் ஒன்றுதான், அதுவும் சுவர்ப் பிளக்கில் நேராக. யார் எப்போது என்று கதவில் எழுதி ஒட்டுங்கள். வாளிக்குள் போட்டுத் தண்ணீர் சுடவைக்கிற கொயில் அறவே வேண்டாம், தண்ணீர் வற்றினால் பிளாஸ்ரிக் வாளியோடு எரியும், கறண்டும் அடிக்கும்.

"றிப் சுவிச் இருக்கிறதே" என்பார்கள். அது உங்களைக் கறண்ட் அடிக்காமல் காப்பாற்றுகிற சாதனம். தளர்ந்த பிளக் ஒன்று மெதுவாகச் சூடாகிக் கருகுவதை அது அறியாது. பிளக் கருகிய மணம், சுவரில் மஞ்சள் நிறம், பிளக்கைத் தொட்டால் சூடு: இதில் ஒன்று இருந்தாலும் அந்தப் பிளக்கைப் பாவிப்பதை நிறுத்துங்கள்.

போன், பவர் பாங்க், மின்சைக்கிள் பற்றரி எதுவும் தலையணைக்குக் கீழேயோ வாசலை மறித்தோ சார்ச் ஆகக்கூடாது. வாசல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பற்றரி எரியத் தொடங்கினால் வெளியேற இருக்கிற ஒரே வழியில்தான் அது எரியும்.

பிள்ளைகளின் பாதுகாப்புக்காக இரவில் கேற்றைப் பூட்டுகிறோம். அது பிழையா?

பூட்டுவது பிழையில்லை. இளம் பெண்பிள்ளைகள் தங்குகிற விடுதியைத் திறந்து போடச் சொல்கிற தைரியம் யாருக்கும் இருக்கக்கூடாது. திறப்பு எங்கே என்பதுதான் கேள்வி. விடுதிப் பொறுப்பாளரின் அறையில், அவர் நத்தாருக்கு ஊருக்குப் போயிருக்க, மிச்சம் நிற்கிற எட்டுப் பிள்ளைகள் மேல்மாடியில், யன்னல் எல்லாம் இரும்புக் கம்பி. இப்படியான ஒரு விடுதியை நினைத்தாலே எனக்கு நித்திரை வராது. அப்படியானவை வன்னியில் இல்லை என்று சொல்ல முடியாது.

உள்ளே இருப்பவர் உள்ளிருந்தே திறக்கக்கூடியதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். உட்பக்கம் கொழுக்கி போட்டுப் பூட்டினால் திறப்பு அந்தக் கதவுக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள்ளோ ஆணியிலோ, வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில் தொங்கட்டும். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு யன்னலின் கம்பியைப் பிணைச்சல் வைத்துத் திறக்கிற மாதிரி மாற்றுங்கள், ஒட்டுவேலைக்காரருக்கு அரை நாள் வேலை. பொறுப்பாளர் போனால் திறப்பு யார் கையில் என்பது எழுத்தில் இருக்கவேண்டும். விடுமுறைக்கு யார் நிற்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்ற பெயர்ப்பட்டியல் வாசலில் இருக்கவேண்டும். நெருப்பு நேரத்தில் "உள்ளே இன்னும் ஒருத்தி இருக்கிறாள்" என்று யாரோ சொல்ல, ஊருக்குப் போன பிள்ளையைத் தேடி வேறொருவர் உள்ளே போகக்கூடாது.

அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோரே, விடுதியைப் பார்க்கப் போனால் சாப்பாட்டையும் மலசலகூடத்தையும் பார்ப்பதோடு இந்தத் திறப்பைப் பற்றியும் கேளுங்கள். வாடகை அறையில் விட்டிருந்தால் இன்னும் கூடுதலாகக் கேளுங்கள்.

இரவில் புகை மணந்து எழுந்தால்?

நித்திரையில் மணம் பெரும்பாலும் தெரியாது, அதனால்தான் விடுதிகளுக்குப் புகை அலாரம் வேண்டும், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மின்சாமான் கடைகளில் பற்றரி போடுகிற சிறியது கிடைக்கும். எழுந்துவிட்டால் நிமிர்ந்து நடக்காதீர்கள், புகை மேலே நிற்கும், தரையோடு தவழுங்கள். மூடிய கதவைத் திறக்க முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் வேறு வழி. வெளியேறும்போது கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், சாதாரண மரக்கதவே நெருப்பைச் சில நிமிடம் தடுக்கும். நகை, அடையாள அட்டை, போன் எதற்கும் திரும்பிப் போகவேண்டாம்.

காலில்லாத, கண் தெரியாத, படுத்த படுக்கையானவர்கள் இருக்கிற வீடு?

யுத்தம் முடிந்து இவ்வளவு காலம் போனபின்பும் எங்கள் ஒவ்வொரு கிராமத்திலும் அப்படியான வீடுகள் இருக்கின்றன, தனியாக இருக்கிற வயோதிபர்களும் இருக்கிறார்கள், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். அவர்களின் பெயரைச் சொல்லி, "நெருப்பு என்றால் இவரைத் தூக்குவது நீ, நீ இல்லை என்றால் உன் தம்பி" என்று ஒழுங்கைக் கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள். அவர் எதிரிலேயே பேசுங்கள், அவருக்கு எப்படித் தூக்கினால் நோகாது என்பது அவருக்குத்தான் தெரியும். பொய்க்காலைக் கழற்றி வைத்துப் படுப்பவரின் கட்டில் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், சில்லு நாற்காலிக்கு முன்னால் விருந்தாளிகளின் பைகளை அடுக்கவேண்டாம்.

வெடி?

மைதானத்தில், பெரியவர் நிற்க, ஓலைக் கூரைக்கு எதிர்ப்பக்கம் பார்த்து. வெடிக்காததைத் திரும்ப எடுக்காமல் தண்ணீர் ஊற்றுங்கள். முகாமிலும் பதுங்குகுழியிலும் இருந்து வந்த சிலருக்குச் சத்தம் இன்றைக்கும் தாங்காது, அதையும் நினையுங்கள்.

பொங்கலுக்கு வளவைத் துப்புரவாக்கிக் குப்பையை எரிக்கலாமா?

பாவித்துப் பழகிய முற்றத்தில், காற்றில்லாத காலையில், தண்ணீரோடு என்றால் சரி. ஆனால் புதிதாக வெட்டிய பற்றை, பல காலம் ஆளில்லாமல் கிடந்த காணி, பழைய பதுங்குகுழிப் பக்கம் என்றால் எரிக்கவே வேண்டாம். வன்னியில் குப்பை எரிக்கும்போது மண்ணுக்குள் கிடந்த வெடிபொருள் வெடித்து ஆட்கள் காயப்பட்டிருக்கிறார்கள். முகமாலை மாதிரியான இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை எத்தனை வருடமாக நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். துருப்பிடித்த இரும்பு எதையாவது கண்டால் தொடாமல், அடையாளமாக ஒரு கொப்பை நட்டுவிட்டு, 119க்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். பொங்கல் அடுப்புக்குக் குழி வெட்டுகிற இடத்துக்கும் இது பொருந்தும்.

உடுப்பில் நெருப்புப் பிடித்தால், உடம்பு சுட்டால்?

ஓடவிடாதீர்கள். நிலத்தில் படுக்கவைத்து உருட்டுங்கள், தடித்த போர்வையோ சாக்கோ போட்டு மூடுங்கள். பிறகு ஓடுகிற குளிர்ந்த தண்ணீர், 20 நிமிடம். அரை வாளி ஊற்றிவிட்டு நிறுத்துகிறார்கள், அது போதாது. ஐஸ் வேண்டாம். பற்பசை, நீலம், முட்டை, கற்றாழை எதுவும் பூசவேண்டாம், வைத்தியசாலையில் அதை உரித்து எடுக்கும் வேதனையைப் பார்த்தவர்கள் பூசமாட்டார்கள். மோதிரம், காப்பு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள், ஒட்டிய துணியை மட்டும் இழுக்காதீர்கள். கழுவிய வெள்ளைத் துணியால் தளர்வாக மூடி 1990ஐ அழையுங்கள், 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிற சேவை, காசு கேட்கமாட்டார்கள். முகம் சுட்டிருந்தால், குரல் கரகரத்தால், பிள்ளைகள் என்றால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் கொண்டுபோங்கள்.

தீயணைப்புக் கருவி வாங்கவேண்டுமா?

விடுதிக்குக் கட்டாயம். வீட்டுத்திட்டத்தில் மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ சேர்ந்து ஒழுங்கைக்கு ஒன்று வாங்கலாம். உலர்தூள் வகை பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். சிறியது பத்துப் பதினைந்து வினாடியில் முடிந்துவிடும் என்பதால், ஊசியை இழுத்து, சுவாலையின் அடியைப் பார்த்துப் பிடித்து, அமத்தி, இடம் வலமாக ஆட்டவேண்டும் என்பதை எடுத்துப் பழகிய ஆட்கள் இரண்டு மூன்று பேர் இருக்கவேண்டும். முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். அலுவலக அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள்.

ஜெனரேற்றர்?

வெளியே, யன்னலிலிருந்து தள்ளி, மழைக்கு ஒரு தகரம். ஓடும்போதும் சூட்டோடும் எண்ணெய் ஊற்றவேண்டாம். வீட்டுக்குள் அதன் புகை நிரம்பினால் நித்திரையிலேயே உயிர் போகும், நெருப்பே தேவையில்லை.

பக்கத்து வீட்டு அண்ணை குசினிக்குப் பின்னால் கான் கானாகப் பெற்றோல் வைத்திருக்கிறார். சொன்னால் கோபிப்பார். என்ன செய்வது?

2022இல் வரிசையில் நின்று களைத்தவர்கள் கானில் சேர்த்து வைக்கப் பழகிவிட்டார்கள், பயம் இன்னும் போகவில்லை. அதைப் புரிந்துகொண்டு பேசினால் கோபம் வராது. முறைப்பாட்டோடு தொடங்காதீர்கள். பின்னேரம் படலையில் நின்று, "அண்ணை, பொங்கலுக்கு வீடு முழுக்கப் பிள்ளைகள் வரப்போகுதுகள், அந்தக் கான்களைக் கிணற்றடிக்கு அப்பால் ஒரு தகரப் பெட்டிக்குள்ள வைப்பமா, நானும் பிடிக்கிறன்" என்று கேளுங்கள். பெட்டியையும் நீங்களே கொண்டுபோனால் இன்னும் நல்லது. அதற்கும் மசியவில்லை என்றால் அவர் மதிக்கிற ஒருவர், ஊர்ப் பெரியவரோ பாதரோ கோயில் ஐயாவோ சொல்லட்டும். அதன் பிறகும் இல்லை என்றால் கிராம அலுவலரிடம் போக வெட்கப்படாதீர்கள். அந்தக் கான்களுக்கு அருகில் உங்கள் குசினியும் இருக்கிறது.